இரண்டு விரல் காட்டியவன்

பேஸ்போலில் ஒன்பது பேரில் எட்டுப் பேர் நின்றுகொண்டு விளையாடுவார்கள். பந்து பிடிக்கிறவன் ஒருவன்தான் குந்தியிருந்து விளையாடுவான்.

எழுபதுகளில் ஐந்து வருஷம் மெல்பேர்ணில் நான் அப்படிக் குந்தியிருந்தேன். விளையாட்டுத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறு மேடு ஒன்றில் நின்று ஒருவன் பந்தை எறிவான். தரையில் பதித்த வெள்ளைத் தட்டு ஒன்றுக்குப் பக்கத்தில் எதிரணிக்காரன் ஒருவன் தடியோடு நிற்பான். அவன் அடிக்காமல் விட்ட ஒவ்வொரு பந்தையும் அவனுக்குப் பின்னால் இருந்து பிடிக்கிறது என் வேலை. முகத்துக்கு இரும்புக் கூடு, நெஞ்சுக்கு மெத்தை, முழங்காலிலிருந்து பாதம்வரை கவசம். இடது கையில் தலையணை மாதிரி ஒரு தோல் கையுறை. வலது கை வெறுங்கை. என் தோளுக்கு மேலால் மூச்சு விட்டுக்கொண்டு அம்பயர் நிற்பார்.

அதை உத்தியோகம் என்று சொல்லலாமோ தெரியாது. அந்த நாளில் அங்கே பேஸ்போல் விளையாடிச் சீவிக்க ஏலாது. கழகம் ஒரு வேலை பிடித்துத் தரும், அவ்வளவுதான். எங்கள் பயிற்றுநர் மோரிஸிடம் பலகை விற்கிற ஒரு மரக்காலை இருந்தது. நில அளவை படித்துச் சேவையர் ஆகிவிட்டு, நல்ல கந்தோர் வேலை கிடைக்கும்வரைக்கும் என்று சொல்லி அங்கே பலகை அளக்கப் போனேன். ஐந்து வருஷம் அளந்தேன். மோரிஸ் என்னை வைத்திருந்தது பலகைக்காக இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

இப்போது கொழும்பில் இருக்கிறேன். சந்திச் சோதனையில் அடையாள அட்டையை நீட்டினால், சிப்பாய் அட்டையை விட்டுவிட்டு என் வலது கை விரல்களைப் பார்க்கிறான். மூன்று விரல்கள் மூன்று திசைக்குப் போகின்றன. விளையாட்டில் முறிந்தது என்றால் நம்புகிறானில்லை. நீங்கள் நம்புவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். நீங்கள் பந்து பிடித்திருக்க மாட்டீர்கள். ஆனால் ஒருவர் எறிகிறதை, இன்னொருவர் பின்னால் நின்று பிழை பார்க்க, வாங்கிக்கொண்டிருக்கிற ஆட்கள்தானே நாங்கள் எல்லாரும். கந்தோரில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மருமக்களாக இருக்கிறவர்களுக்கு அதைவிடத் தேவையில்லை.

அம்பயரிடம் கத்தியது

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு நான் விக்கெட் காப்பாளன். மெல்பேர்ணில் ஒரு மே மாதம் கிரிக்கெட் கழகம் தேடிப் போனேன். அது அவர்களுக்குக் குளிர்காலம் தொடங்குகிற மாதம், கிரிக்கெட் முடிந்துவிட்டது. அங்கே அப்போது ஒரு வழக்கம் இருந்தது. கிரிக்கெட்காரர்கள் குளிர்காலத்தில் கை விறைத்துப் போகாமல் இருக்க பேஸ்போல் விளையாடுவார்கள். மைதானத்தில் நின்ற மோரிஸ் என் பெயரைக் கேட்கவில்லை. கையை விரிக்கச் சொல்லி, இரண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தட்டுக்குப் பின்னால் போய்க் குந்து என்றார். நேசராசன் என்ற பெயரை அன்று பின்னேரமே நெஸ் ஆக்கிவிட்டார்கள்.

முதல் ஆட்டம். பந்து தடியின் ஓரத்தில் உரசிக்கொண்டு வந்தது போல ஒரு சத்தம். பிடித்தேன். பழகின பழக்கம், துள்ளி எழும்பி, அம்பயர் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் ஆகாயத்துக்குத் தூக்கி "ஹவ்ஸாற்!" என்று கத்தினேன். கிரிக்கெட்டில் கேட்டால்தான் அம்பயர் வாய் திறப்பார். பேஸ்போலில் அவர் தானாகவே சொல்லுவார். அவர் பக்கம் திரும்பிக் கத்துகிறது அவரை அவமதிக்கிறது போல. அது எனக்குத் தெரியாது.  இரண்டு அணியும் சேர்ந்து சிரித்தது. அம்பயர் ஒரு ஓய்வுபெற்ற ரயில் சாரதி. அவர் சிரிக்கவில்லை. கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, பைக்குள் இருந்த சின்னத் தூரிகையால் தட்டில் இருந்த மண்ணை ஆறுதலாகத் தட்டினார். தட்டில் மண் இருக்கவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"இங்கே விசாரணை கிடையாது, மேட். தீர்ப்பு மட்டும்தான்."

வெட்கப்பட்ட கை

கிளென் எங்கள் பந்தெறிகிறவன். அப்போது இருபத்திரண்டு வயது. அவன் தகப்பனுக்கு மெல்பேர்ணுக்கு வெளியே கிரான்பர்னில் மரக்கறித் தோட்டம். இன்றைக்குக் கிரான்பர்னில் வீடு வாங்குகிற எங்கள் ஆட்கள் நம்பமாட்டார்கள், அன்றைக்கு அங்கே தோட்டமும் குதிரைகளும்தான். கிளெனிடம் இரண்டு பந்து இருந்தது. ஒன்று வேகப்பந்து, அது எல்லாரிடமும் உண்டு. மற்றது வளைபந்து. அது நெஞ்சுக்கு நேரே வரும், அடிக்கிறவன் தடியை ஓங்குவான், அந்த நேரம் பார்த்துக் கயிறு அறுந்த வாளி மாதிரி முழங்காலடிக்கு விழும்.

விக்கெட் காப்பாளனுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுக்கிற பாடம், பந்தோடு சேர்த்துக் கையையும் இழு, முட்டையை வாங்குகிற மாதிரி வாங்கு என்பது. நான் அப்படியே வாங்கினேன். முழங்காலடியில் விழுகிற நல்ல பந்தோடு என் கையும் கீழே போய்விடும். அம்பயர் பந்தைப் பார்ப்பதைவிட என் கையைத்தான் பார்ப்பார். கை முழங்காலுக்குக் கீழே தாழ்ந்தால் பந்தும் தாழ்ந்தது, அது ஸ்ட்ரைக் இல்லை, நல்ல பந்து இல்லை என்று தீர்ப்பு. இப்படி ஒரு பருவத்தில் பாதியை நான் கிளெனுக்குக் கெடுத்தேன். அவன் ஒருநாளும் ஏசவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து குந்தி, என் கையுறையைத் தன் கையில் மாட்டி, காற்றில் ஓர் இடத்தில் வைத்து அசையாமல் பிடித்துக் காட்டினான். பிறகு சொன்னான்:

"அது நல்ல பந்தென்று எனக்குத் தெரியும், நெஸ். நீ பிடிக்கிறதைப் பார்த்தால் அதற்காக நீ வெட்கப்படுகிற மாதிரி இருக்கிறது."

தோப்புக்கரணம்

மெல்பேர்ணில் அப்போது எங்கள் ஆட்கள் கொஞ்சப் பேர்தான். அதில் ஒருவர் தம்பையா அண்ணை. ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்-றே எடுக்கிறவர். மடக்குக் கதிரை, பிளாஸ்கில் தேத்தண்ணி, கடதாசியில் சுற்றின வடை, இவ்வளவோடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வலைக்குப் பின்னால் இருந்தார். அரைக்குளிர், அரைமழை. மூன்று மணித்தியாலம் கதிரையை விட்டு எழும்பவில்லை. கடைசிவரை இருந்து பார்த்த ஒரே தமிழன் அவர்தான் என்பதால் நான் பெருமையோடு போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன், கோவியாதை. எத்தினை தரம் இருந்து எழும்பினனி?"

"ஆர் எண்ணினது அண்ணை? நூறு, நூற்றைம்பது வரும்."

"இவ்வளவும் படிச்சுப்போட்டு?"

"ஓம் அண்ணை."

ஒரு வடையை எனக்குத் தந்தார். மூடியில் தேத்தண்ணியை ஊற்றி ஊதினார். ஊதி முடித்துச் சொன்னார்:

"இதைப் பிள்ளையாருக்கு முன்னாலை போட்டிருந்தியெண்டால், இப்ப சேவையர் ஜெனரலா இருந்திருப்பாய்."

மூன்று நகம்

என்ன பந்து எறியவேண்டும் என்று சொல்லுகிறது பிடிக்கிறவன். குந்தியிருந்து, இரண்டு தொடைக்கும் நடுவில், எதிரணிக்குத் தெரியாமல் வலது கை விரலால் காட்டவேண்டும். ஒரு விரல் என்றால் வேகப்பந்து. இரண்டு விரல் என்றால் வளைபந்து. மூன்று என்றால் எறியாதே, ஓடப்பார்க்கிறவனைக் கவனி. எறிகிறவனுக்குப் பிடிக்காவிட்டால் தலையை ஆட்டுவான், நான் மாற்றிக் காட்டவேண்டும். ஜூன் மாதம் ஐந்து மணிக்கே மெல்பேர்ண் இருண்டுவிடும். மற்றவர்களுடைய வெள்ளை விரல் அந்த இருட்டிலும் தெரியும். என்னுடையது நிழலோடு நிழலாகிவிடும். ஒரு பின்னேரம் நான் காட்டினது ஒன்று, கிளென் கண்டது இரண்டு. நெஞ்சுக்கு வரும் என்று நான் கையை வைத்திருக்க, பந்து கீழே விழுந்து, வெறுங்கையில் பட்டு, நடுவிரலை முறித்தது. முதல் முறிவு அது.

முறிவு மாறிச் சுகமாகி நான் திரும்பி வந்தபோது கிளெனின் மனைவி மோரீன் ஒரு யோசனை வைத்திருந்தாள். ஆட்டத்துக்கு முன்னால், மைதான ஓரத்து மர வாங்கில் என்னை இருத்தி, முத்து வெள்ளையில் நகப்பூச்சு எடுத்து என் மூன்று விரலுக்குப் பூசிவிட்டாள். கிளென் மேட்டில் நின்று பார்த்து, விளக்குப் போட்ட மாதிரித் தெரிகிறது என்றான். அன்று வென்றோம். அழிக்கிற மருந்து மோரீனிடம் இருந்தது; கேட்க மறந்துவிட்டேன். அடுத்த நாள் ஆடிப்பிறப்பு. நாலைந்து குடும்பம் ஒரு வீட்டில் கூடிக் கூழ் காய்ச்சியிருந்தார்கள். குசினி வாசலில் பரமேஸ்வரி அன்ரி கோப்பையை நீட்ட, நான் மரியாதையாக வலது கையால் வாங்கினேன். அன்ரி கோப்பையை விடவில்லை. விரலைப் பார்த்தா, முகத்தைப் பார்த்தா, திரும்பவும் விரலைப் பார்த்தா. முழு வீட்டுக்கும் கேட்கச் சொன்னா:

"ஏன் தம்பி மூண்டோடை நிப்பாட்டினனி? மிச்சத்துக்குப் பூச வெக்கமோ?"

வாய்க்காரன்

ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையில் அடிக்கிறவன் பிடிக்கிறவனோடு கதைப்பான். எதிரணி ஒன்றில் ஒரு கசாப்புக் கடைக்காரர் இருந்தார், பெரிய தோள், சின்னக் கண். ஒவ்வொரு முறை தட்டடிக்கு வரும்போதும் ஒரே கேள்வி: "எப்போது ஊருக்குப் போகிறாய்?" நாலு வருஷம் கேட்டார். முதல் வருஷம் எனக்குக் காந்தியது. இரண்டாம் வருஷம் "உன்னை வெளியே அனுப்பிவிட்டுப் போகிறேன்" என்று சொல்லப் பழகினேன்.

ஒருநாள் அவர் தடியில் உரசின பந்து என் சுட்டுவிரலில் பட்டது. விரல் பின்பக்கமாக மடிந்து நின்றது.  அவர் தடியை எறிந்துவிட்டு, முழங்காலில் நின்று, என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்து, மறுபக்கம் பார் என்றார். பார்த்தேன். ஒரே இழுவையில் விரலை இடத்துக்குக் கொண்டுவந்தார். இறைச்சியோடு பழகின கை. எனக்குக் கண்ணீர் ஓடியது. அவருக்கும் வியர்த்துப் போயிருந்தது.

"ஊருக்குப் போய்விடாதே, மேட். எனக்கு வேறு யார் பதில் சொல்லுவார்கள்?"

பருவம் மாறியது

நான் சேர்ந்து நாலு வருஷத்தில் பேஸ்போலைக் கோடைகாலத்துக்கு மாற்றினார்கள். பெரிய செய்தி ஒன்றும் இல்லை, பத்திரிகையின் பின்பக்கத்தில் நாலு வரி. ஆனால் இரண்டையும் விளையாடினவர்களுக்கு அது வீட்டைப் பிரிக்கிற மாதிரி. கோடையில் கிரிக்கெட்டும் இருக்கிறது. இனி ஒன்றைத்தான் விளையாடலாம். அண்ணன் பேஸ்போலுக்கும் தம்பி கிரிக்கெட்டுக்குமாக, ஒரே வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் பார்க்காமல் போனவர்களை எனக்குத் தெரியும். என்னை ஒருவரும் கேட்கவில்லை. மரக்காலையில் வேலை செய்கிறவன் எந்தப் பக்கம் என்பதில் கேள்வி இல்லை.

கிரிக்கெட்டில் கிளென் நல்ல வேகப் பந்துவீச்சாளன். இன்னும் இரண்டு வருஷத்தில் மாநில அணியில் நிற்பான் என்று தகப்பன் நம்பியிருந்தார். ஆனால் அமெரிக்காவிலிருந்து ஆட்களைத் தேடிப் பார்க்கிற ஒருவர் அடுத்த கோடைக்கு வரப்போகிறார், கிளெனின் வளைபந்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார் என்று மோரிஸுக்குக் கடிதம் வந்திருந்தது. அமெரிக்காவில் அது முழுநேரத் தொழில். கிளென் பேஸ்போலைத் தெரிவு செய்தான். ஒரு காலை தகப்பன் மரக்காலைக்கு வந்தார். தோட்டத்துப் பூக்கோவா நாலு என் மேசையில் வைத்தார். உன்னால் அவனுக்குச் சொல்ல ஏலுமா, நீயும் கிரிக்கெட்காரன்தானே என்று கேட்டார். சொன்னாலும் கேட்கமாட்டான் என்றேன். தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"நேற்றுவரை அவனிடம் இரண்டு விளையாட்டு இருந்தது. இன்றைக்கு ஒரு கை மட்டும்தான் இருக்கிறது."

உள்ளங்கை

கிளெனின் வேகப்பந்தைப் பிடித்தால் என் இடது உள்ளங்கை வீங்கும். கையுறைக்குள் கடற்பஞ்சு வைத்தும் வீங்கும். திங்கட்கிழமை காலையில் அந்தக் கையால் சட்டைப் பொத்தான் பூட்ட ஏலாது. வீக்கம் வெள்ளிக்கிழமை வற்றும், ஞாயிறு திரும்ப வரும். நாட்காட்டி மாதிரி.

அந்தக் கோடையில் சிட்னிக்கு ஆடப் போனோம், லிட்கம் பக்கத்தில் ஒரு மைதானம். நன்றாக வென்றோம். கையுறையைக் கழற்றினேன். உள்ளங்கை குளிர்ந்து கிடந்தது. சிவப்புக்கூட இல்லை. மோரிஸ் பார்த்துவிட்டு, பார், கடைசியில் உன் கையும் ஒஸ்ரேலியன் ஆகிவிட்டது என்று முதுகில் தட்டினார். நான் சிரித்துவிட்டு யோசித்துக்கொண்டு நின்றேன். அன்று ஒவ்வொருவராக வெளியேற்றினது முழுக்க வளைபந்து. வேகப்பந்தில் வேகம் இல்லை. அது தடியோடு நின்றவர்களுக்குத் தெரியவில்லை, மோரிஸுக்குத் தெரியவில்லை. என் கைக்குத் தெரிந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் கிளெனுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவன் ஒரு தோடம்பழத்தை இடது கையாலும் பல்லாலும் உரித்துக்கொண்டிருந்தான். வலது கை மடியில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. நான் என் உள்ளங்கையை விரித்து அவனுக்கு முன்னால் பிடித்தேன். அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"எத்தனை நாளாக?" என்று கேட்டேன்.

"பருவம் தொடங்கினதிலிருந்து. முழங்கைக்கு உட்பக்கம். வளைபந்து எறியும்போது உள்ளே யாரோ நூல் இழுக்கிற மாதிரி."

"மோரிஸுக்குச் சொல்லு."

"அமெரிக்காக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்."

"மோரீனுக்கு?"

தோடம்பழத்தில் பாதியை எனக்குத் தந்தான்.

"உனக்கு மட்டும்தான் தெரியும். நீ பிடிக்கிறவன், நெஸ். பேசுகிறவன் இல்லை."

படத்தில் விழாதது

தம்பையா அண்ணையிடம் போனேன். ஆருக்கென்று சொல்லாமல், ஒரு சிநேகிதனுக்கு என்று தொடங்கினேன். அண்ணை என் வலது கையைப் பிடித்து நீட்டி, முழங்கையின் உட்பக்கத்தில் பெருவிரலால் அழுத்தினார்.

"இஞ்சையோ?"

"இஞ்சைதான்."

"எலும்பெண்டால் நான் ஒரு படம் எடுத்துத் தருவன். இது நார். என்ரை படத்திலை விழாது."

"ஓய்வாக இருந்தால் மாறுமோ அண்ணை?"

"ஒரு வருஷம் எறியாமல் இருந்தால், சிலவேளை. நான் டொக்டர் இல்லை. ஆனால் அந்த நோவோடை வந்த கனபேரைப் பாத்திருக்கிறன்."

"எறிஞ்சால்?"

"ஒருநாள் அறும். பிறகு சாப்பிடுறதுக்குத்தான் கை." என் கையை விட்டார். "வீட்டுக்காரருக்குத் தெரியுமோ?"

"சொல்லாதை எண்டவன்."

 அண்ணை வடைத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"நல்லது. அவன்ரை முழங்கையும் போகும், உன்ரை நித்திரையும் போகும். வடையைத் தின்."

வைக்கோல் தொப்பிக்காரர்

பெப்ரவரியில் அமெரிக்காக்காரர் வந்தார். வைக்கோல் தொப்பி, நீண்ட கால்கள், மெல்லிய குரல். வடக்குக் காற்று நெருப்பு மாதிரி அடித்த நாள். எனக்கு நேர் பின்னால், வலைக்கு அந்தப் பக்கம், ஒரு குறிப்புப் புத்தகத்தோடு இருந்தார். ஆட்டத்துக்கு முன்னால் எனக்கும் கைதந்தார். எறிகிறவனைப் பார்க்க வந்தால் பிடிக்கிறவனையும் பார்க்காமல் போவதில்லை என்றார். இதை நான் உங்களுக்கு மறைக்கப் போவதில்லை.

உடை மாற்றும்போதே கிளெனுக்குச் சொல்லிவிட்டேன், இன்றைக்கு ஒரு விரல் மட்டும்தான். அவன் குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கினான். ஒரு விரல் காட்டினேன். எறிந்தான். அடித்தார்கள். திரும்பவும் ஒரு விரல். திரும்பவும் அடித்தார்கள். அவர்கள் பக்கத்தில் இரண்டு பேர் ஓடி முடித்து ஓட்டம் எடுத்துவிட்டார்கள். பின்னால் பேனை ஓடுகிற சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது. நான் ஒரு விரல் காட்ட, கிளென் தலையை ஆட்டினான். திரும்பவும் அதையே காட்டினேன். ஆட்டினான். மூன்றாம் தரம். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். என்ன நடக்கிறது அங்கே என்று மோரிஸ் கத்தினார். அம்பயரிடம் நேரம் கேட்டுக்கொண்டு மேட்டுக்குப் போனேன்.

"ஒரு விரல்தான், கிளென்."

"அந்த மனிதர் அதைப் பார்க்கவா கடல் தாண்டி வந்தார்?"

"ஒரு வருஷம் பொறு. கை மாறட்டும். திரும்ப வருவார்."

"நெஸ், இவர்கள் ஒருவனுக்காக இரண்டாந்தரம் வரமாட்டார்கள். அது உனக்கும் தெரியும்." நெற்றி வியர்வையை இடது தோளில் துடைத்தான். "நான் கிரிக்கெட்டை விட்டேன். அப்பா என்னோடு கதைக்கிறதில்லை. மோரீன் பயணப் பெட்டிக்கு வார் வாங்கி வைத்திருக்கிறாள். இது என்னுடைய கை."

 திரும்பி நடந்தேன். எட்டி வைத்தால் இருபது எட்டு இருக்கும். அந்த இருபது எட்டில், அவன் கை அவனுடையது என்று யோசித்தேனா, எனக்கும் கைதந்த வைக்கோல் தொப்பியை யோசித்தேனா என்று இன்றுவரை என்னால் நேர்மையாகச் சொல்ல ஏலாது. வந்து குந்தினேன். இரண்டு விரல் காட்டினேன்.

அதற்குப் பிறகு அவன் எறிந்த மாதிரி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆள் மாறி ஆள் வந்து, காற்றை அடித்துவிட்டுப் போனார்கள். பேனை திரும்ப ஓடியது. ஒவ்வொரு தரமும் இரண்டு விரல். ஏழாம் சுற்றில் பந்து அவன் கையை விட்டு வெளிக்கிட்ட அந்தக் கணத்தில், அது என்னிடம் வந்துசேர முந்தி, காய்ந்த பனைமட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பந்து நிற்கவில்லை. நெஞ்சுக்கு நேரே வந்து, விழவேண்டிய இடத்தில் விழுந்தது. என் கை அசையவில்லை. "ஸ்ட்ரைக்!" என்றார் அம்பயர். அவர் சொல்லி முடிக்கும்போது கிளென் மேட்டில் முழங்காலில் இருந்தான்.

மோரீன் செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். நான் முகக்கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு எழும்பினேன். வைக்கோல் தொப்பிக்காரர் புத்தகத்தை மூடி, வலைக்குக் கிட்ட வந்து, மெல்லிய குரலில், உண்மையான மரியாதையோடு சொன்னார்:

"அருமையான பந்து. சரியான நேரத்தில் அதைக் கேட்டு வாங்கினாய்."

கிரான்பர்னில்

அவர் எங்கள் இரண்டு பேரைப் பற்றியும் ஒன்றும் எழுதிப் போடவில்லை. கிளெனின் முழங்கையைத் திறந்து தைத்தார்கள். கை முழுதாக நீளவில்லை. அவன் தகப்பனுடைய தோட்டத்துக்குத் திரும்பிவிட்டான் என்று மோரிஸ் சொன்னார். அடுத்த பருவத்துக்கு மோரிஸ் என் பெயரை எழுதினார். நான் நில அளவைக் கந்தோர் ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதினேன். கிளெனைப் பார்க்கப் போகவில்லை. முதலில் காயம் ஆறட்டும் என்றேன். பிறகு மழை என்றேன். அப்படியே ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. நீங்களும் ஆராவது ஒருவருடைய வீட்டுக்கு இப்படிப் போகாமல் இருந்திருப்பீர்கள்.

ஒரு சனிக்கிழமை ரயிலும் பஸ்ஸுமாகப் போனேன். தகப்பன் தூரத்தில் நின்று கையைக் காட்டினார், கிட்ட வரவில்லை. கிளென் குனிந்து முட்டைக்கோவா வெட்டிக்கொண்டிருந்தான், கத்தி இடது கையில். வலது கை கொஞ்சம் மடிந்தபடியே இருந்தது. வெட்டின கோவாவை அதற்குள் அடுக்கிக்கொண்டு நடந்தான். மோரீன் தேத்தண்ணியும் இரண்டு கதிரையும் வெளியே கொண்டுவந்து வைத்தாள். குழந்தை அழுகிறது என்று உள்ளே போனாள். போகும்போது என் தோளில் கையை வைத்துவிட்டுப் போனாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பஸ்ஸில் வரும்போது நான் பாடமாக்கின வசனங்கள் நாலைந்து இருந்தன. அவன் பருவத்தைப் பற்றியும், கோவாவில் பூச்சியைப் பற்றியும், மோரிஸின் மரக்காலையைப் பற்றியும் கதைத்தான். தேத்தண்ணி முடிந்தது. பாடமாக்கினதில் ஒன்றும் வரவில்லை.

"நான் இரண்டு விரல் காட்டியிருக்கக் கூடாது, கிளென்."

அவன் காலடியில் கிடந்த கோவா ஒன்றை எடுத்து, பழுத்த வெளியிலையை உரித்தான். இன்னொன்றை உரித்தான். நல்ல இலை வரும்வரை உரித்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்தான்.

"நீ எந்த விரலைக் காட்டியிருந்தாலும் நான் வளைபந்துதான் எறிந்திருப்பேன். ஒரு வித்தியாசம், நீ அதைப் பிடித்திருக்கமாட்டாய்."

அது மன்னிப்போ ஏச்சோ என்று இருபது வருஷமாக எனக்கு விளங்கவில்லை; எதுவானாலும் சரியான ஆளிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறது.